மெய்ன் காட்டுக்குள் இரண்டு நீராவி எஞ்சின்கள்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்தின் வடபாதி பெரும்பாலும் காடுதான். பேப்பர் ஆலை நகரமாக இருந்த மில்லினாக்கெட்டைத் தாண்டினால் தார் ரோடு போய் மண் ரோடு வந்துவிடும், செல்போனில் சிக்னல் போய்விடும், எதிரே மரம் ஏற்றிய லாரி வந்தால் ஓரமாக ஒதுங்கிவிட வேண்டும், ஏனென்றால் ரோடே அவர்களுக்காகப் போட்டதுதான். சோதனைச் சாவடியில் பணம் கட்டி உள்ளே போய், சேம்பர்லின் ஏரிக்கும் ஈகிள் ஏரிக்கும் நடுவே மரங்களுக்குள் நடந்தால் திடீரென்று எதிரே நிற்கின்றன அந்த இரண்டு எஞ்சின்களும். ஒன்று 1897-ல் செய்தது, இன்னொன்று 1901-ல். கொதிகலன் முழுக்கத் துரு. என் தோள் உயரத்துக்கு இருக்கும் சக்கரத்தைத் தொட்டால் கையெல்லாம் செம்மண் நிறம்.

இங்கே எதற்கு ரயில்? தண்ணீரின் திசைதான் காரணம். ஈகிள் ஏரித் தண்ணீர் வடக்கே ஓடி செயின்ட் ஜான் ஆற்றில் சேர்ந்து கனடாவுக்குள் போகிறது. மரம் வெட்டியவர்களின் ஆலைகளோ தெற்கே பெனாப்ஸ்காட் ஆற்றங்கரையில். மரத்தை ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோன காலத்தில் இது பெரிய தலைவலி. முதலில் 1902–03-ல் இரண்டு ஏரிகளுக்கும் நடுவே சுமார் 3,000 அடி தூரத்துக்கு ஒரு டிராம்வே போட்டார்கள், 6,000 அடி இரும்பு வடம் ஓயாமல் சுற்றிக்கொண்டே கட்டைகளை ஈகிள் ஏரியிலிருந்து கரையேற்றி, தெற்கே தண்ணீர் போகும் சேம்பர்லின் ஏரிப் பக்கம் தள்ளும். சில வருஷம்தான் ஓடியது. அதன் பல்சக்கரங்களும் கொதிகலன்களும் இன்னும் பாசி பிடித்துக் கிடக்கின்றன.

அப்புறம் 1920-களில் கனடாவின் கியூபெக்காரரான எட்வார் லக்ருவா வந்தார். பேப்பர் ஆலைக்கு மரம் அனுப்ப, ஈகிள் ஏரியிலிருந்து அம்பஸூக்ஸஸ் ஏரிவரை 13 மைலுக்கு ரயில் பாதையே போட்டுவிட்டார். வேறு எந்த ரயில் பாதையோடும் சேராத பாதை, ஆகவே எஞ்சின்களைக் குளிர்காலத்தில் உறைந்த காட்டு வழியாக இழுத்துத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. தீப்பொறி பறந்து காடு பற்றிக்கொள்ளக் கூடாது என்று நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாற்றினார்களாம். எல்லாம் எத்தனை வருஷத்துக்கு? 1933-ல் நிறுத்தியாயிற்று. பொருளாதார மந்தத்தில் பழைய இரும்புக்கு என்ன விலை வந்துவிடப் போகிறது, கொட்டகைக்குள் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நம்மூராக இருந்தால் ஒரே மாதத்தில் காயலான் கடைக்குப் போயிருக்கும். இவற்றைக் காப்பாற்றியது யாருடைய அக்கறையும் இல்லை, தூரம்தான்.

1969-ல் அந்தக் கொட்டகையும் எரிந்துபோனது. பிறகு சாய ஆரம்பித்த எஞ்சின்களைத் தன்னார்வலர்கள் நிமிர்த்தி வைத்தார்கள். சட்டப்படி இந்த இடம் இன்று பாதுகாக்கப்பட்ட வனம், மனிதக் கை படாத காட்டைத் தேடித்தான் பலரும் படகில் வருகிறார்கள். எனக்கென்னவோ ஒரு தொழிற்சாலையின் முற்றத்தில் நிற்பதுபோலத்தான் இருந்தது.

திரும்பும் வழியில் பேட்டன் என்ற ஊரில் மரம் வெட்டிகளின் அருங்காட்சியகம் இருக்கிறது, அதையும் விடாதீர்கள். லோம்பார்ட் என்ற நீராவி இழுவை வண்டியை அங்கே பார்க்கலாம். 1901-ல் காப்புரிமை வாங்கியது. நம் தெருவில் பள்ளம் தோண்டும் பொக்லைனின் சங்கிலிப் பட்டைக்கு முன்னோடிகளில் ஒன்று. பிரேக் கிடையாது. திருப்புகிற ஆள் வண்டியின் மூக்கில், பனிக்காற்றில் உட்கார்ந்திருப்பான், பின்னால் வரிசையாக மரம் ஏற்றிய சறுக்கு வண்டிகள், முன்னால் இறக்கம். அந்த இருக்கையைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

போவதென்றால் செப்டம்பரில் போங்கள். மே, ஜூனில் கருப்பு ஈக்கள் பிய்த்துத் தின்றுவிடும். மில்லினாக்கெட்டிலேயே பெட்ரோல் நிரப்பிவிடுங்கள்.