தராசும் 555 நோட்டும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் தகப்பனுக்குக் கடையே பாதி வீடு. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதும். அத்தாவின் கை தராசில் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானைவிட (பிரசங்கத்தைவிட) அந்தக் கண்களுக்குத்தான் அவர் அதிகம் பயப்படுகிறார்.

பீர், சம்சு என்ற மலிவுச் சாராயம், லாட்டரி நம்பர் டிக்கெட் விற்காமல் இருப்பது சுலபம். ஊருக்கே தெரியும் சங்கதி அது. (சிகரெட் கதை வேறு. புகைப்பதை ஹராம் என்று தேசிய ஃபத்வா மன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. கடைகளில் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன.) சோதனை வெங்காயத்தில் வருகிறது. காய்ந்தும் அழுகியும் மூட்டை நாளுக்கு நாள் எடை குறையும். 40 கிலோவில் 37 கிலோதான் தேறும் என்றால், கொள்முதல் விலையை 37ஆல் வகுத்து அதன்மேல் லாபம் வைக்க வேண்டும். பலர் 40ஆல் வகுத்துவிடுகிறார்கள். பிறகு நட்டத்தைத் தராசில் தேடுவார்கள்: தட்டின் எடையைக் கழிக்காமல் நிறுப்பது, காய்ந்த மிளகாயில் தண்ணீர் தெளிப்பது. தெளித்த மிளகாய் பூசணம் பிடித்து மூட்டையோடு போகும் என்பது வேறு விஷயம். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்), ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்றார்கள். ஆண்டுதோறும் முத்திரையிட வருபவர் தராசைத்தான் சோதிப்பார். தட்டைக் கழித்தார்களா என்று பார்க்க நிற்கமாட்டார்.

அடுத்தது கடன். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி தொழிலாளிக்குச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். அதுவரை 555 நோட்டுதான், அதாவது கடன் கணக்கு எழுதும் சின்ன நோட்டு. ‘சாமான் 38 வெள்ளி (ரிங்கிட்)’ என்று மொத்தமாக எழுதினால் மாதக் கடைசியில் தகராறு. தேதி, சரக்கு, எடை, விலை தனித்தனியாக வேண்டும். வாங்குகிறவரிடமும் ஒரு நோட்டு இருக்க வேண்டும். ரொக்க விலை, கடன் விலை என்று சரக்கு எடுக்கும்போதே ஒன்றைப் பேசி முடித்தால் மார்க்கத்தில் கூடும். சம்பளம் தள்ளிப்போன பிறகு 5 வெள்ளி ஏற்றினால் வட்டி.

சிலர் வேறு தோட்டத்துக்கு மாறிப்போவார்கள், கடன் வராது. நெருக்கடியில் இருப்பவருக்கு அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுப்பது இன்னும் நல்லது என்கிறது குர்ஆன் (2:280). ஆனால் ஜகாத் என்ற கட்டாய தர்மத்துக்குக் கணக்குப் பார்க்கும்போது அந்த வராக்கடனை அதன் 2.5 சதவீதத்தில் கழித்துக்கொள்ள ஆசை வரும். ஷாஃபி மத்ஹபின் (இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் ஒன்று) வலுவான கருத்துப்படி அது கூடாது. ஜகாத் ஏழையின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தள்ளுபடியை ஒரு பக்கத்திலும் ஜகாத்தை இன்னொரு பக்கத்திலும் எழுதுவதுதான் வழி.