பண்ணைக்கீரை முட்டைப் பொரியல்

ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலையில் சோளக்காட்டு வரப்புக்குப் பண்ணைக்கீரை பறிக்கப் போனோம். யாரும் விதைக்காமல் தானாக முளைக்கிற கீரை. வெள்ளையும் ரோஸுமாகக் கதிர் விட்டால் இலை முற்றிவிடும், அதனால் பூக்கும் முன்பே கொழுந்தாகக் கிள்ளிக்கொள்ள வேண்டும், மருந்து அடித்த காட்டுப் பக்கம் மட்டும் போகவே கூடாது. மண் போக 3 தண்ணீர் அலசினேன். கடுகு, 10 சின்ன வெங்காயம், 2 வரமிளகாய் வதங்கியதும் 2 கைப்பிடி கீரை, கொஞ்சம் உப்பு. கீரை விட்ட தண்ணீர் முழுக்கச் சுண்டிய பிறகுதான் 3 நாட்டுக்கோழி முட்டையை உடைத்து ஊற்ற வேண்டும், அவசரப்பட்டால் சொதசொதவென்று ஆகிவிடும். அப்புறம் மிளகுத்தூள், அவ்வளவுதான். சுடுசோற்றில் பிசைந்து, அம்மா இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.