வலிக்குதா?

அமிலத் தொட்டியில் வேலை செய்துகொண்டிருந்தவரிடம் நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "வலிக்குதா?"

"இல்லை சார். கையுறைக்குள்ள ஈரமா இருக்கு, அவ்வளவுதான்."

"சரி, நல்லா கழுவிட்டு வேற கையுறை போட்டுக்கோங்க."

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த அரை நிமிடத்தைத்தான் இன்னும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் சோலார் செல் செய்கிறோம். எங்கள் தொட்டியில் இருந்தது நீர்த்த எச்.எஃப்., அதாவது ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். டாப்கான் என்ற வகை செல்லில் ஒரு பக்கம் போரான், மறுபக்கம் பாஸ்பரஸ் ஏற்றுகிறோம். இரண்டுமே மேலே கண்ணாடிபோல ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகும், இரண்டையும் கரைக்க எச்.எஃப். வேண்டும். அடர்த்தியான எச்.எஃப். பட்டவுடன் சுடும். 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் ஏமாற்றும், வலி வர ஒரு நாள்கூட ஆகலாம். அதற்குள் அதிலுள்ள ஃப்ளூரைடு தோலைத் தாண்டி உள்ளே இறங்கி, உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு இது தெரியாமல் இல்லை. புதிதாகச் சேருபவர்களுக்கு ஸ்லைடு போட்டு இதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். அதில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி உண்டு: "வலியை நம்பாதீர்கள்."

லைன் இரண்டு மணி நேரம் நின்று அப்போதுதான் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. அவரை முதலுதவி அறைக்கு அனுப்பினால் படிவம், மாற்று ஆள், ஷிஃப்ட் அறிக்கையில் ஒரு வரி. இதையெல்லாம் நான் கணக்குப் போட்டேனா? போட்டதாக நினைவில்லை. ஆனால் கேட்கும்போது என் கண் திரையில் இருந்தது, அது நினைவிருக்கிறது. அவர் ஒப்பந்தத் தொழிலாளி. வலி இல்லாததால் "இல்லை" என்றாரா, என் முகத்தைப் பார்த்து "இல்லை" என்றாரா, தெரியவில்லை.

நள்ளிரவுக்கு மேல் ஆள்காட்டி விரல் நகத்துக்கடியில் குத்த ஆரம்பித்திருக்கிறது. மருத்துவமனை, ஊசி, கடைசியில் நகம் போனது. விரல் தப்பியது.

மறுநாள் அந்தக் கையுறையில் காற்றை அடைத்துத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். விரல் நுனியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் வரிசைகட்டி வந்தன. எச்.எஃப். பட்ட இடத்தில் தடவ வேண்டிய கால்சியம் குளூக்கோனேட் ஜெல் பெட்டி நாங்கள் பேசிய இடத்திலிருந்து பத்தடி தூரம். ட்யூப்பின் சீல் பிரிக்கப்படவே இல்லை.

கழிவு நீருக்கும் நாங்கள் கால்சியம்தான் கொடுக்கிறோம். சுண்ணாம்பு போட்டால் ஃப்ளூரைடு கால்சியம் ஃப்ளூரைடாகி அடியில் சேறாகத் தங்கும். மீட்டர் வரம்பைத் தாண்டினால் அலாரம் அடித்து வால்வு மூடிவிடும். வலிக்கிறதா என்று அந்தத் தண்ணீரிடம் யாரும் கேட்பதில்லை.

சோலார் பேனல் தன்னைச் செய்யச் செலவான மின்சாரத்தை ஒன்றிரண்டு வருடத்தில் திருப்பித் தந்துவிடும் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்வேன். இப்போதும் சொல்கிறேன். அது உண்மையும்கூட.

விபத்து அறிக்கையில் காரணம்: "கையுறை பழுது." கையெழுத்து என்னுடையது. பொய் என்று சொல்ல முடியாது.

அவர் திரும்பி வந்தபோது, "நீங்க உடனே கழுவச் சொன்னதாலதான் சார் இதோட போச்சு" என்றார். கழுவியது உதவியிருக்கும்தான். நான் தலையாட்டினேன்.

இப்போதெல்லாம் "வலிக்குதா" என்று கேட்பதில்லை, "பட்டுச்சா" என்று கேட்கிறேன். போன வாரம் ஒரு பையனிடம் கேட்டேன். கேள்வியை முடிப்பதற்குள் "இல்லை சார்" என்றான்.