கீழ் டிவிஷன் டிஃபெண்டர்: ஒரு சீசன் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 2

இங்கிலாந்துக் கால்பந்தின் மூன்றாம், நான்காம் அடுக்குகளான லீக் ஒன், லீக் டூ சீசன் தொடங்கிவிட்டது. இரண்டிலும் தலா 24 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 46 ஆட்டங்கள். பிரீமியர் லீக்கை விட எட்டு அதிகம். எஃப்ஏ கோப்பை, லீக் கோப்பை, இஎஃப்எல் டிராஃபி எல்லாம் தனிக் கணக்கு. அணியில் ஆள் குறைவு. மாற்று சென்டர் பேக் (பின்வரிசையின் நடுவில் நிற்கும் டிஃபெண்டர்) ஒருவர், மிஞ்சினால் இருவர். அதனால் ஒரு டிஃபெண்டரை எடுக்கும்போது மேனேஜர் முதலில் பார்ப்பது அவருடைய ஓட்ட வேகத்தை அல்ல, போன இரண்டு சீசனில் எத்தனை ஆட்டம் இறங்கினார் என்பதைத்தான். சனிக்கிழமை அடிபட்டு மோதி ஆடியவர் செவ்வாய் இரவு மறுபடி இறங்க முடியுமா? இந்தத் தொழிலில் சோறு போடும் கேள்வி அதுதான்.

ஆகஸ்ட் 9

இந்த மட்டத்தில் சென்டர் பேக்கின் அன்றாடக் கூலி வேலை, வானத்திலிருந்து வரும் பந்து. அதற்கு இரண்டு சென்டர் பேக்குகளும் ஒரே கோட்டில் நிற்கக் கூடாது. யார் பக்கம் பந்து விழுகிறதோ அவர் முன்னேறி எகிற வேண்டும். மற்றவர் அவருக்குப் பின்னால் ஏழெட்டு கஜம் இறங்கி நிற்க வேண்டும். எதிர்ப்பக்க ஃபுல் பேக், அதாவது பின்வரிசையின் ஓரத்து ஆள், நடுவுக்கு நெருங்கிவிடுவார். இப்படி நின்றால் முதல் ஹெட்டர் (தலையால் முட்டுவது) தவறினாலும் பின்னால் ஆள் இருக்கும். தெறித்து விழும் 'செகண்ட் பால்' மிட்ஃபீல்டர்கள் பொறுப்பு. அவர்கள் பத்துப் பதினைந்து கஜம் தள்ளி நின்றால்தான் அது கிடைக்கும். அவர்களும் ஹெட்டரை வேடிக்கை பார்க்க நெருங்கி வந்துவிட்டால் பந்து எதிராளி காலில் விழும்.

பெரும்பாலான கோல்கள் விழுவது இருவரும் ஒரே பந்துக்குப் போவதால், அல்லது இருவரும் போகாததால். மருந்து ஒன்றுதான்: பந்து உச்சத்தைத் தொடும் முன்பே பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். வெறுமனே 'லீவ் இட்' என்று கத்தி எதிராளியின் கவனத்தைக் கலைத்ததாக நடுவர் கருதினால் மஞ்சள் அட்டையும் இன்டைரக்ட் ஃப்ரீ கிக்கும் வரும். அதனால்தான் பயிற்சியில் பெயரோடு கத்தச் சொல்லிப் பழக்குகிறார்கள்.

பந்தைத் தரையில் குத்தவே விடக் கூடாது. குத்தி எழும் பந்து எவ்வளவு உயரம் போகும், எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது; அந்த அரை நொடியில் ஃபார்வர்டு உடம்பை நுழைத்துவிடுவார். ஹெட்டரில் கண் திறந்திருக்க வேண்டும், பல் கடித்திருக்க வேண்டும், நெற்றி பந்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே பட வேண்டும். பந்து உயரமாக, பக்கவாட்டுக் கோட்டை நோக்கிப் போகும். நடுவில் தட்டிவிட்ட ஹெட்டர் எதிராளிக்குக் கொடுத்த பாஸ்.

ஆகஸ்ட் 23

டார்கெட் மேன்: உயரப் பந்துகளை வாங்க முன்னால் நிறுத்தப்படும் ஃபார்வர்டு. ஆறடிக்கு மேல் உயரம், முதுகைக் காட்டி நிற்பது, டிஃபெண்டர் எங்கே இருக்கிறார் என்பதை உடம்பாலேயே தடவிப் பார்ப்பது. அனுபவமில்லாத பையன் செய்யும் முதல் தவறு அவர் முதுகோடு ஒட்டி நிற்பது. ஒட்டினால் அவருக்குச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் கிடைத்துவிடும். அதை ஊன்றியே திரும்பி ஓடிவிடுவார். ஒரு கை நீளம் விட்டு, நேருக்கு நேராக அல்லாமல் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும். அவருக்கு டிஃபெண்டர் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியக் கூடாது. பந்து வரும்போது இரண்டு மூன்று அடி ஓடி வந்து எகிறுபவர், நின்ற இடத்திலிருந்து எகிறுபவரை விட உயரம் போவார். அந்த ஓட்டத்துக்கான இடம்தான் அந்தக் கை நீளம்.

எகிற முடியாத பந்துகளும் உண்டு. அப்போது தோற்கும் ஹெட்டருக்குப் போய் மல்லுக்கட்டாமல், அவர் சுத்தமாகத் தலையில் வாங்க முடியாதபடி லேசாக இடைஞ்சல் மட்டும் செய்துவிட்டு இறங்குவது நல்லது. முழங்கையைத் தோளுக்கு மேல் தூக்கி அவர் மேல் பட்டால் ஃப்ரீ கிக், சில சமயம் சிவப்பு அட்டை.

செப்டம்பர் 13

அட்டைக் கணக்கை ஒவ்வொரு டிஃபெண்டரும் மனப்பாடமாக வைத்திருப்பார். பிரீமியர் லீக்குக்குக் கீழே உள்ள மூன்று டிவிஷன்களை நடத்தும் இஎஃப்எல் விதிப்படி முதல் 19 லீக் ஆட்டங்களுக்குள் 5 மஞ்சள் வாங்கினால் ஒரு ஆட்டம் தடை. 37 ஆட்டங்களுக்குள் 10 என்றால் இரண்டு. 15 போனால் மூன்று. நான்கு மஞ்சளோடு பதினெட்டாவது ஆட்டத்துக்கு வருபவர் எப்படி டேக்கிள் செய்கிறார் என்று கவனித்தால் தெரியும்: தரையில் சறுக்குவதையே விட்டிருப்பார்.

சிவப்பிலும் வகை உண்டு. இரண்டு மஞ்சளால் வந்ததற்கும், தெளிவான கோல் வாய்ப்பைத் தடுத்ததற்கும் ஒரு ஆட்டம். கடுமையான ஃபவுலுக்கு மூன்று. 2016 விதி மாற்றத்துக்குப் பிறகு, பெனால்டி ஏரியாவுக்குள் பந்துக்காக உண்மையாகவே முயன்று தவறியவருக்குச் சிவப்பு இல்லை, பெனால்டியும் மஞ்சளும்தான். சட்டையைப் பிடித்து இழுத்தால் இந்தச் சலுகை கிடையாது. கோல் வாய்ப்பு கையை விட்டுப் போகிறது என்றால், இழுப்பதை விடக் கால் நீட்டுவது மேல்.

அக்டோபர் 4

நீண்ட த்ரோ இன். கீழ் டிவிஷனில் இது கார்னருக்குச் சமம். ஒரு விதத்தில் அதை விட மோசம், ஏனென்றால் கையால் எறியும் பந்து மெதுவாக, தட்டையாக வரும். த்ரோவிலிருந்து நேரடியாக ஆஃப்சைடு கிடையாது என்பதால் பின்வரிசையை மேலே ஏற்றி நிற்பதில் அர்த்தமில்லை. எதிரணியின் உயரமான ஆள் நியர் போஸ்ட் (பந்து வரும் பக்கத்துக் கோல் கம்பம்) முன்னால் வந்து பின்னால் தட்டிவிடுவார். கோல் அந்தத் தட்டலிலிருந்துதான் விழும். அவருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். கீப்பர் வெளியே வரப் பாதை வேண்டும். அவரை மறித்து நிற்கும் எதிராளியைத் தள்ளிக்கொண்டு போக ஒரு ஆளைத் தனியாக ஒதுக்க வேண்டும். பலர் மறப்பது, எறிந்தவரையே. பந்து திரும்பி அவர் காலுக்கு வந்தால் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள், கிராஸ் உள்ளே வந்துவிடும்.

அக்டோபர் 25

ஆடத் தயாராக இருப்பதற்கு உச்ச சாட்சி ஹெரால்டு பெல். டிரான்மியர் ரோவர்ஸின் சென்டர் ஹாஃப் (சென்டர் பேக்கின் பழைய பெயர்). மூன்றாம் டிவிஷனின் வடக்குப் பிரிவு. 1946 ஆகஸ்ட் முதல் 1955 ஆகஸ்ட் வரை தொடர்ச்சியாக 401 லீக் ஆட்டங்கள், ஒன்று கூட விடாமல். கனமான தோல் பந்து, சேற்று மைதானம், மாற்று ஆட்டக்காரர் என்ற விதியே இல்லாத காலம்.

அடுத்து ஜான் டிரோலப். ஸ்விண்டன் டவுனுக்கு 1960 முதல் 1980 வரை 770 லீக் ஆட்டங்கள், லெஃப்ட் பேக். 1969-இல் மூன்றாம் டிவிஷனில் இருந்துகொண்டே ஸ்விண்டன் வெம்பிளியில் ஆர்சனலை 3-1 என்று வென்று லீக் கோப்பையை எடுத்தபோதும் அவர் களத்தில் இருந்தார். ஒரே கிளப்புக்கு அதிக லீக் ஆட்டம் என்ற அவர் சாதனையை 2023 டிசம்பரில் முறியடித்தவரும் லெஃப்ட் பேக்தான்: டீன் லூயிங்டன், எம்கே டான்ஸ். அந்தக் கிளப் விம்பிள்டன் என்ற பெயரில் இருந்தபோது 2003-இல் தொடங்கி 2025-இல் ஓய்வு பெற்றார். மான்செஸ்டர் யுனைடெட்டை 2014-இல் 4-0 என்று சாய்த்த அணியிலும் இருந்தார், லீக் டூவில் அடிமட்டத்துக்கு அருகே தடுமாறிய அணியிலும் இருந்தார். வயது ஏறியதும் லெஃப்ட் பேக்கிலிருந்து மூன்று பேர் பின்வரிசையின் இடப்பக்கத்துக்கு உள்வாங்கினார். கோட்டோரம் மேலும் கீழும் ஓடும் தூரம் குறைந்தது, இடது கால் பாஸ் அப்படியே மிச்சமிருந்தது. இடது கால் சென்டர் பேக்குக்கு எப்போதும் கிராக்கி உண்டு.

நவம்பர் 1

எஃப்ஏ கோப்பை முதல் சுற்று. லீக் ஒன், லீக் டூ அணிகள் நுழைவது இங்கேதான். பெரிய அணிகள் மூன்றாம் சுற்றில்தான் வரும். இரண்டு கட்டத்தைத் தாண்டிப் பெரிய மைதானம் ஒன்று கிடைத்தால், வசூல் பங்கு கிளப்புக்குப் பெரிய தொகை.

நவம்பர் 22

மைதானம் நனைந்துவிட்டது. ஆகஸ்டில் இறுகிய தரைக்குப் போட்ட வார்ப்பு ஸ்டட் (பூட்ஸ் அடியில் உள்ள குமிழ்) இனி ஆகாது. ஆறு உலோக ஸ்டட் கொண்ட பூட்ஸ்: முன்னால் நான்கு, குதிகாலில் இரண்டு. முன்னால் 13 மில்லிமீட்டர் என்றால் பின்னால் 15 போடுவது வழக்கம். டிஃபெண்டருக்கு இதில் தனிக் கவலை உண்டு. ஃபார்வர்டு வழுக்கினால் ஒரு வாய்ப்புதான் போகும், கடைசி ஆள் வழுக்கினால் கோல் விழும். வார்ம் அப்பில் பின்னோக்கி ஓடித் திடீரெனத் திரும்பிப் பார்த்தால் எந்த மூலை வழுக்குகிறது என்று தெரிந்துவிடும். இடைவேளையில் ஸ்டட்டை மாற்றுவார்கள். சாவி கிட் மேனிடம் இருக்கும்.

காற்று இன்னொன்று. நம்மை நோக்கிக் காற்றோடு வரும் பந்து எதிர்பார்த்ததை விடத் தள்ளி விழும், அதனால் இரண்டு மூன்று கஜம் கூடுதலாக இறங்கி நிற்க வேண்டும். எதிர்க்காற்றில் வரும் பந்து நின்று செங்குத்தாக இறங்கும். முன்னமே இறங்கிவிட்டவர் மறுபடி முன்னே ஓட வேண்டியிருக்கும், அதற்குள் பந்து குத்திவிடும்.

டிசம்பர் 6

ஹெட்டர் பற்றி ஆகஸ்டில் எழுதியதோடு இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வில்லி ஸ்டூவர்ட் தலைமையில் ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களை வைத்து நடந்த ஆய்வு 2019-இல் வந்தது: மூளை நரம்புச் சிதைவு நோயால் இறப்பது பொதுமக்களை விட அவர்களிடம் சுமார் மூன்றரை மடங்கு. 2021-இல் இடம் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது கீப்பர்களிடம் குறிப்பிடத்தக்க கூடுதல் இல்லை. டிஃபெண்டர்களிடம் சுமார் ஐந்து மடங்கு. 15 ஆண்டுக்கு மேல் ஆடியவர்களுக்கும் ஆபத்து அதே அளவு அதிகம். அதிக காலம் ஆடிய டிஃபெண்டர் என்பதுதான் இந்த நாட்குறிப்பு புகழ்ந்துகொண்டிருக்கும் ஆள்.

2021-22 சீசனிலிருந்து இங்கிலாந்தில் வழிகாட்டல் ஒன்று இருக்கிறது: பயிற்சியில் வாரத்துக்கு வலுவான ஹெட்டர் 10-க்கு மேல் கூடாது. வலுவானது என்றால் 35 மீட்டருக்கு மேல் பறந்து வந்த பந்து, கிராஸ், கார்னர், ஃப்ரீ கிக். ஆட்டத்தில் வரம்பு கிடையாது. எண்ணிக்கையை யார் குறிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிரீமியர் லீக்கில் ஆய்வாளர் படையே உண்டு, லீக் டூவில் அதே வேலை பயிற்சியாளர் ஒருவர் தலையில் விழும். பயிற்சியில் பந்தைக் கையால் எறிந்து, குதித்து நேரம் பார்ப்பதை மட்டும் பழக்கலாம். நுட்பம் வரும், அடி குறையும். இதை எல்லாக் கிளப்பும் கட்டாயமாக்க வேண்டும்.

ஜனவரி 10

ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் ஜன்னல் திறந்திருக்கிறது, லோன் (வேறு கிளப்புக்குத் தற்காலிகமாக அனுப்புவது) பேச்சு ஓடுகிறது. 16 வயதில் கிளப்பில் இரண்டு வருடப் பயிற்சி ஸ்காலர்ஷிப். 18-இல் தொழில்முறை ஒப்பந்தம் கிடைக்கும், இல்லையென்றால் வெளியே. வெளியே வருபவர்களுக்காக மற்ற கிளப்புகளின் ஆட்கள் பார்க்கத் தேர்வு ஆட்டங்கள் நடக்கும். கிடைத்தவர்களில் பலரை அரைத் தொழில் அணிகளுக்கு லோனில் அனுப்புவார்கள். சென்டர் பேக்குக்கு அது அவசியம்: 21 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் தரையோடு பந்து தட்டிப் பழகியவருக்கு முப்பது வயது ஃபார்வர்டின் முழங்கையை அங்கேதான் காட்டுவார்கள்.

டான் பர்ன் இந்தப் பாதையில் மேலே போனவர். 11 வயதில் நியூகாஸில் விடுவித்தது. பிளைத் ஸ்பார்ட்டன்ஸ், பிறகு டார்லிங்டன். அந்த அணி 2010-இல் லீக்கை விட்டே இறங்கியது. ஃபுல்ஹாம் வாங்கி யோவிலுக்கு லோனில் அனுப்பியது, 2013-இல் யோவில் பிளே ஆஃப் (மேல் டிவிஷனுக்கு ஏறும் கடைசி இடத்துக்கான ஆட்டங்கள்) வென்று மேலே ஏறியது. விகன், பிரைட்டன், 2022-இல் மறுபடி நியூகாஸில். 2025 மார்ச்சில் லீக் கோப்பை இறுதியில் லிவர்பூலுக்கு எதிராகக் கார்னரிலிருந்து ஹெட்டர் கோல். அதே மாதம் 32 வயதில் இங்கிலாந்துக்கு முதல் ஆட்டம். இவரைக் காட்டி எல்லாப் பையன்களுக்கும் நம்பிக்கை கொடுப்பது நியாயமில்லை. பெரும்பாலோரின் பாதை யோவிலோடு நின்றுவிடும், அதுவும் கௌரவமான பிழைப்புதான்.

பிப்ரவரி 7

ஜன்னல் மூடிவிட்டது. முன்பு இருந்த அவசர லோன் ஏற்பாடு 2016-17 முதல் இல்லை. கீப்பருக்கு மட்டும் விதிவிலக்கு. இனி இரண்டு சென்டர் பேக் அடிபட்டால் கிளப் இல்லாமல் சும்மா இருப்பவரைத்தான் தேட வேண்டும். அதனால்தான் இந்த மாதத்தில் 33, 34 வயதுக்காரர்களுக்கு போன் வரும். உடம்பைக் கட்டாக வைத்திருந்தவர் சீசன் முடியும்வரை ஒப்பந்தம் பெறுவார்.

சம்பளம் பற்றி ஒன்று. 2020 ஆகஸ்டில் கிளப்புகள் உச்சவரம்புக்கு வாக்களித்தன: லீக் ஒன்னில் அணிக்கு 25 லட்சம் பவுண்டு, லீக் டூவில் 15 லட்சம். ஆட்டக்காரர் சங்கமான பிஎஃப்ஏ வழக்காடி 2021 பிப்ரவரியில் அதை ரத்துச் செய்ய வைத்தது. அப்படி வரம்பு வந்தால் முதலில் வெட்டப்படுவது 30 தாண்டிய டிஃபெண்டரின் சம்பளம்தான். சங்கம் செய்தது சரி.

மார்ச் 14

கிரஹாம் அலெக்சாண்டர். ஸ்கந்தார்ப், லூட்டன், பிரெஸ்டன், பர்ன்லி, மறுபடி பிரெஸ்டன். ரைட் பேக், பர்ன்லியில் நடுக்களத்தில் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர். 37 வயதில், 2009 ஆகஸ்டில் பிரீமியர் லீக் அறிமுகம். ஆயிரம் ஆட்டம் தாண்டினார். 2012 ஏப்ரலில் 40 வயதில் கடைசி ஆட்டம், சார்ல்டனுக்கு எதிராகக் கடைசி நிமிட ஃப்ரீ கிக்கில் சமன் கோல். ஃபுல் பேக்கின் கால் முதலில் இழப்பது வேகத்தை. அப்போது கையில் இரண்டாவது இடமும், பெனால்டி அல்லது ஃப்ரீ கிக் போன்ற ஒரு தனித் திறமையும் இருந்தால் நான்கைந்து வருடம் கூடும்.

ஏப்ரல் 18

லீக் டூவில் கடைசி இரண்டு அணிகள் ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீக்குக்கு இறங்கும். இறங்கும் டிஃபெண்டருக்குத் தரையே மாறலாம்: அங்கே செயற்கைப் புல்லுக்கு அனுமதி உண்டு, இஎஃப்எல்லில் கிடையாது. 2021-இல் ஏறிவந்த சட்டன் யுனைடெட் தன் செயற்கைத் தரையைப் பெயர்த்துப் புல் போட வேண்டியிருந்தது. செயற்கைத் தரையில் பந்து வேகமாக வழுக்கி, உயரமாக எழும். ஸ்லைடிங் டேக்கிள் தொடையைத் தோலுரிக்கும்.

மே 16

மே மாத மூன்றாம் சனிக்கிழமை. யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று கிளப் சொல்ல வேண்டிய கெடு. 24 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் பழைய ஒப்பந்தத்துக்குக் குறையாமல் புது ஒப்பந்தம் கொடுத்திருந்தால், அவர் வேறு கிளப்புக்குப் போனாலும் இழப்பீடு கேட்கலாம். அதைத் தாண்டியவர் முழு விடுதலை. ஒரு வருட ஒப்பந்தம், கூடவே 'இத்தனை ஆட்டம் ஆடினால் இன்னொரு வருடம்' என்ற ஷரத்து. லீக் டூவில் பரவலாகக் காண்பது இதுதான். அந்த எண்ணுக்கு ஒன்றிரண்டு ஆட்டம் முன்னால் திடீரென பெஞ்சில் உட்கார்த்தப்படுவது நடக்கிறது. கையெழுத்துப் போடும்போதே தொடங்கும் ஆட்டமா, மாற்றாக இறங்குவதும் சேருமா என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஜூன் 30

ஒப்பந்தங்கள் இன்றோடு முடிகின்றன. கிளப் புது ஒப்பந்தம் கொடுக்காதவருக்கு நிலையான ஒப்பந்தப் படிவத்தின்படி இன்னும் ஒரு மாதம் அடிப்படைச் சம்பளம் உண்டு, அல்லது வேறு கிளப் கிடைக்கும் நாள் வரை. அந்த மாதத்துக்குள் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தால், மாதம் முடியும்வரை வித்தியாசத்தைப் பழைய கிளப் ஈடுகட்ட வேண்டும். இது தெரியாமல் ஜூலை நடுவில் அவசரப்பட்டுக் கிடைத்த இடத்தில் கையெழுத்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். சங்கத்துக்கு ஒரு போன் போட்டால் போதும், படிவத்தின் அந்தப் பிரிவை வாசித்துக் காட்டுவார்கள்.