பகிடிப் படங்களும் பக்கத்தில் நிற்பவரும்

2014 ஜனவரி 18, சனி

தமிழ்ப் படங்களில் இருந்து சிரிப்புக் காட்சிகளை மட்டும் வெட்டி எடுத்து ஒரே டிவிடியில் போட்டு விற்பதை யாராவது நிறுத்த வேண்டும். பொங்கலுக்கு வந்த மச்சான் திருகோணமலை என்.சி. வீதியில் ஒரு சீடிக் கடையில் கவுண்டமணி, செந்தில் படம் போட்ட இப்படி ஒன்றை வாங்கி வந்தான், மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடுகிறது, கதை இல்லை, பாட்டு இல்லை, ஒரு காட்சி முடிந்த கையோடு அடுத்தது. வீட்டில் எல்லோரும் முதல் அரை மணித்தியாலம் சிரித்தார்கள். பிறகு அம்மா சமையல் அறைக்குப் போய்விட்டா, தங்கச்சி போனை எடுத்துக்கொண்டாள், மச்சான் அப்படியே நித்திரை.

கவுண்டமணியின் பகுதியைப் பல படங்களில் கதையோடு ஒட்டாத தனி டிராக்காகவே எழுதி எடுத்தார்கள், அதனால் வெட்டினால் ஒன்றும் கெட்டுப்போகாது என்பது மச்சானின் வாதம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கரகாட்டக்காரன் (1989) வாழைப்பழக் காட்சியையே எடுங்கள். அதில் சிரிப்பு எங்கே இருக்கிறது? கவுண்டமணி கத்துவதில் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எனக்கு அது செந்திலின் முகத்தில்தான் இருக்கிறது. இரண்டு பழம் வாங்கச் சொல்லிக் காசு கொடுத்தால் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வந்து நிற்கிறார், மற்றது எங்கே என்று கேட்டால் இதுதான் அது என்கிறார். அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் கள்ளம் துளியும் இல்லை, உண்மையிலேயே கணக்குச் சரி என்று நம்பும் ஒரு மனுசனின் முகம். அந்த அமைதி இல்லாவிட்டால் கவுண்டமணியின் கோபத்துக்கு வேலையே இல்லை. இவர்கள் இரண்டு பேரும் தவில், நாதஸ்வரத்தோடு ஊர் ஊராகப் போகிறவர்கள், ஒருவரை விட்டால் ஒருவருக்குப் பிழைப்பு இல்லை என்று படம் முன்னாலேயே காட்டிவிட்டதால்தான் அந்தச் சண்டை அவ்வளவு இனிக்கிறது. வெட்டி ஒட்டிய டிவிடியில் அது எதுவும் இல்லை.

2014 ஜனவரி 20, திங்கள்

இன்னொரு கோபமும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அகலத் திரையில் எடுத்த படத்தைப் பழைய பெட்டி டிவிக்கு ஏற்றமாதிரி இரண்டு பக்கமும் நறுக்கி டிவிடி போடுகிறார்கள். சினிமாஸ்கோப் படம் உயரத்தைப் போல ஏறத்தாழ 2.35 மடங்கு அகலம். பெட்டி டிவி நாலுக்கு மூன்று. மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரக்கூடாது என்று திரையை நிரப்பினால் அகலத்தில் 43 வீதம் அளவுக்குப் போய்விடும்! சண்டைப் படத்தில் அது பெரிய நட்டமாகத் தெரியாமல் இருக்கலாம். பகிடிப் படத்தில் இரண்டு பேர் திரையின் இரண்டு ஓரத்தில் நிற்பார்கள், ஒருவர் கதைப்பார், மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பார். நறுக்குபவர் எப்போதும் கதைப்பவரைத்தான் வைத்துக்கொள்வார். மச்சானின் டிவிடியில் இரண்டு இடத்தில் செந்திலின் மூக்கும் ஒரு கன்னமும் மட்டும்தான் மிச்சம்.

ஐந்து படத்தை ஒரே வட்டில் அடைத்து விற்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 4.7 ஜிபி வட்டில் ஐந்து படம் என்றால் முகம் எல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

2014 ஜனவரி 26, ஞாயிறு

காதலிக்க நேரமில்லை. வந்து இந்த வருடத்தோடு 50 வருடம், 1964 படம். அப்பா பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த டிவிடி, நல்ல கொப்பி, நிறம் எல்லாம் அப்படியே இருக்கிறது.

கல்யாணப் பரிசு, நெஞ்சில் ஓர் ஆலயம் என்று அழவைத்துக்கொண்டிருந்த ஸ்ரீதர் எப்படி இப்படி ஒரு படத்தை எடுத்தார் என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஆச்சரியம்தான். சித்ராலயா கோபுவின் பங்கு அதில் பெரியது, சிரிப்பு கதைக்குப் பக்கத்தில் தனியாக ஓடாமல் கதையே சிரிப்பாக இருக்கிறது. படம் எடுக்கப் போகிறேன் என்று ஓஹோ புரொடக்ஷன்ஸ் ஆரம்பித்து அலையும் நாகேஷ், பணத்தைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியாத அப்பா பாலையா.

நாகேஷ் பேய்க் கதை சொல்லும் காட்சியை எல்லோரும் நாகேஷின் காட்சி என்றுதான் சொல்வார்கள். வாயாலேயே சத்தம் எல்லாம் கொடுத்து அவர் செய்வது பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு நான் வேண்டுமென்றே நாகேஷைப் பார்க்காமல் பாலையாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மகனின் கதையை அலட்சியமாகக் கேட்கத் தொடங்குகிறார், பிறகு உடம்பு மெதுவாக இறுகுகிறது, கண் அங்கும் இங்கும் போகிறது, கடைசியில் பணக்காரர், அப்பா, அதிகாரம் எல்லாம் கழன்று ஒரு சின்னப் பிள்ளை கதிரையில் இருக்கிறது. வசனம் என்று அவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. படம் தொடங்கியதில் இருந்து யாருக்கும் மசியாத மனுசனாக அவரைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் முழுதாகப் போய்ச் சேரும். இந்தக் காட்சியும் மச்சானிடம் இருக்கும் இன்னொரு தொகுப்பில் இருக்கிறதாம். இருக்கட்டும். பாலையா அதில் யாரோ ஒரு வயதானவர்.

2014 பெப்ரவரி 2, ஞாயிறு

லண்டனில் இருந்து வந்த சித்தப்பா மிஸ்டர் பீன் டிவிடி தந்துவிட்டுப் போயிருக்கிறார். டிவிடியை நாடுகளுக்கு ஏற்றமாதிரி வலயம் வலயமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், அங்கே உள்ளது இரண்டாம் வலயம், நமக்கு ஐந்தாம் வலயம், எங்கள் பிளேயர் முதலில் ஏற்க மாட்டேன் என்றது, பிறகு எல்லா வலயமும் ஓடக்கூடிய மலிவுப் பிளேயர் ஒன்றைப் பக்கத்து வீட்டில் வாங்கி வந்தோம்.

மொத்தமே 15 பாகம்தான். உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு மனுசன், முதல் பாகம் 1990 ஜனவரி 1 அன்று வந்தது, தொடரே அவ்வளவு சின்னது என்று பலருக்குத் தெரியாது. பீன் யாரோடும் ஒழுங்காகக் கதைப்பதே இல்லை, அப்படியானால் நான் சொல்லும் பக்கத்தில் நிற்பவர் இங்கே யார் என்று தங்கச்சி மடக்கினாள். முதல் பாகத்தின் தேவாலயக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். பீன் தும்முகிறார், தூங்கி விழுகிறார், ஒரு இனிப்பைக் கள்ளமாக வாயில் போடப் பாடுபடுகிறார். பக்கத்தில் நடிகர் ரிச்சர்ட் பிரையர்ஸ், ஒரு மரியாதையான மனுசனாக, இதைக் கவனிக்கவும் முடியாமல் கவனிக்காமல் விடவும் முடியாமல் இருக்கிறார். அவர் இல்லாமல் வெறும் வாங்கில் பீன் அதே சேட்டையைச் செய்தால் அது ஒரு தனிமனிதனின் அவதி, அவ்வளவுதான். தங்கச்சி அந்தக் காட்சியைத் திருப்பிப் போடச் சொன்னாள். பிரையர்ஸை மட்டும் பார்ப்பதற்காக.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து தரையில் இருந்து பார்த்தார்கள், அவர்களில் இரண்டு பேருக்குத் தமிழ் அவ்வளவாக வராது, வீட்டில் சிங்களம். எல்லோரும் ஒரே இடத்தில்தான் சிரித்தார்கள்.

2014 பெப்ரவரி 5, புதன்

தில்லு முல்லு (1981). இதையே திரும்ப எடுத்துப் போன வருடம் வந்த புதியதைப் பற்றிக் கேட்டார்கள், எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பழையதில் ரஜினி புளுகுகிறார், தேங்காய் சீனிவாசன் நம்புகிறார். மீசை இல்லாத ஆணை மதிக்காத, பழைய வழக்கம் ஒவ்வொன்றையும் தலையில் வைத்துக் கொண்டாடும் முதலாளி. நேர்முகத் தேர்வில் ரஜினி ஒவ்வொரு பொய்யாக எடுத்து வைக்க வைக்க இவருடைய முகம் பூரித்துக்கொண்டே போவதைப் பாருங்கள். நம்பும் மனுசனை முட்டாளாக நடிப்பது சுகம். தேங்காய் அவரை நல்லவராக, தன் கொள்கையை உண்மையாக நேசிப்பவராக நடித்திருக்கிறார், அதனால் பொய் எப்போது உடையும் என்ற பதற்றம் கடைசி வரைக்கும் இருக்கிறது.

2014 பெப்ரவரி 14, வெள்ளி

பாலு மகேந்திரா நேற்றுச் சென்னையில் காலமாகிவிட்டார். மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939இல் பிறந்தவர். நம் கிழக்குக் கரையில் இருந்து போய் பூனாவில் ஒளிப்பதிவு படித்துத் தமிழ்ப் படத்துக்கு ஒரு கண்ணைக் கொடுத்தவர். இன்றைக்குக் கடையிலும் பஸ்ஸிலும் மூன்றாம் பிறை, வீடு என்றுதான் கதைத்தார்கள், சரிதான். நான் இரவு சதிலீலாவதி (1995) போட்டேன். அம்மா முதலில் ஒரு மாதிரிப் பார்த்தா, செத்த வீட்டுக்குச் சிரிப்புப் படமா என்று. பிறகு பக்கத்தில் வந்து இருந்தா.

பாலு மகேந்திரா பகிடிப் படம் எடுத்தார் என்பதையே மறந்துவிடுகிறார்கள். ரெட்டை வால் குருவி (1987), பிறகு இது. இரண்டிலும் ஒரு ஆணும் இரண்டு பெண்களும். சதிலீலாவதிக்கு வசனம் கிரேஸி மோகன். அவருடைய எழுத்துக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, பாலு மகேந்திராவுக்கோ அவசரம் என்பதே தெரியாது, இரண்டு பேரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று யோசித்தால் விடை கமராவில் இருக்கிறது. ஒளிப்பதிவும் அவரே. வசனம் பறக்கும்போதும் கமரா அடங்கி நின்று கேட்பவரையும் சட்டத்துக்குள் வைத்திருக்கிறது. கமலும் கோவை சரளாவும் கொங்குத் தமிழில் கதைக்கும் இடங்களில் கமல் பொய்க்கு மேல் பொய்யாக அடுக்கும்போது சரளாவைப் பாருங்கள். அந்த அம்மாவை அவ்வளவு பெரிய நடிகனுக்குச் சமமாக நிற்க வைத்த படம் இது. மற்றப் படங்களில் அவரை அடித்தும் கத்தவிட்டும் வீணாக்கியவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

கல்பனாவைச் சொல்லாமல் முடிக்க முடியாது. உடம்பு பருத்த மனைவி என்றால் தமிழ்ப் படத்தில் கேலிப் பொருள். இங்கே கேலி செய்யும் புருசன்தான் சிறுத்துப்போகிறான், அவ இல்லை. அம்மா படம் முடிய, இவர் மட்டக்களப்பு ஆள்தானே, பெண்களை மதிக்கத் தெரிந்திருக்கிறது என்று சொன்னா. எல்லா மட்டக்களப்பு ஆண்களுக்கும் அந்தப் பெருமையைக் கொடுக்க நான் தயாரில்லை, இவருக்குக் கொடுக்கலாம்.

2014 பெப்ரவரி 28, வெள்ளி

நேற்றுச் சிவராத்திரி. கோணேசர் கோயிலுக்குப் போகும் சனம் கோட்டை வாசலில் இருந்தே நிரம்பி வழிந்தது, மான்கள் எல்லாம் ஒதுங்கி எங்கேயோ போய்விட்டன. முதல் இரண்டு சாமப் பூசை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, விடியும் வரை முழித்திருக்க டிவிடி. சிவராத்திரிக்குத் திருவிளையாடல் (1965) போடுவது எங்கள் வீட்டில் மாறாத வழக்கம்.

தருமி பகுதியில் நாகேஷ் தனியாகப் புலம்பும்போது எதிரில் ஆள் இல்லை, கோயில்தான் இருக்கிறது. கேட்பவர் கடவுள், அவர் உண்மையிலேயே கேட்டுவிட்டு வந்து நிற்கிறார்! சிவாஜி அந்தக் காட்சியில் எவ்வளவு அடக்கமாக இருக்கிறார் என்பதை யாரும் பாராட்டுவதில்லை. அடுத்த காட்சியில் இயக்குநர் ஏ. பி. நாகராஜனே நக்கீரராக இருக்க அவரோடு முழங்கப்போகும் மனுசன், இங்கே நாகேஷுக்கு இடம் விட்டு ஒரு சிரிப்போடு நிற்கிறார். பெரிய நடிகன் கேட்டுக்கொண்டு நிற்கும்போது இன்னும் பெரிய நடிகனாகிறான்.

பிறகு மைக்கேல் மதன காமராஜன் (1990). சிங்கீதம் சீனிவாசராவ், கிரேஸி மோகன், நான்கு கமல். மச்சான் நான்கு கமலையும் எண்ணிக்கொண்டிருந்தான், எனக்கு நாகேஷின் அவிநாசி போதும். 1964இல் கதை சொல்லிப் பாலையாவை நடுங்க வைத்த நாகேஷ், 26 வருடம் கழித்து முதலாளியான மதன் கமலின் காசைச் சுருட்டிவிட்டு அகப்பட்டு, மதன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத் தானே நடுங்குகிறார். பாலையா உட்கார்ந்த இடத்தில் இப்போது நாகேஷ். அந்தக் கண்களின் ஓட்டத்தைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விடியற்காலை நாலு மணிக்கு எல்லோரையும் எழுப்பி இதைச் சொன்னேன், சிவராத்திரி என்பதால் ஏச முடியவில்லை.

2014 மார்ச் 2, ஞாயிறு

கே. எஸ். பாலச்சந்திரன் கனடாவில் காலமான செய்தி. ஒரே மாதத்தில் இரண்டு பேர்.

இந்தியப் படம் மட்டும் பார்க்கும் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது. வாடைக்காற்று (1978) படத்தில் நடித்தவர், ஆனால் எங்கள் வீடுகளில் அவர் 'அண்ணை றைற்' பாலச்சந்திரன். தனிநடிப்பு. யாழ்ப்பாணத்து பஸ் கண்டக்டர் ஒருவர், மேடையில் ஆள் ஒருவர்தான், ஆனால் அவர் பதில் சொல்லும் விதத்திலேயே ஏறுபவர், இறங்குபவர், மிச்சக் காசு கேட்பவர், மிதிபலகையில் தொங்குபவர் எல்லோரும் நமக்குத் தெரிகிறார்கள். கேட்பவரை எதிரில் வைக்காமலே கேட்பவரை உண்டாக்கினார். நான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பதை ஒலிநாடாவில் ஒற்றைக் குரலால் செய்து காட்டிய மனுசன்.

அப்பா அதிலிருந்து 'கோமாளிகளின் கும்மாள'த்துக்குப் போய்விட்டார். இலங்கை வானொலித் தொடர், பிறகு 'கோமாளிகள்' என்று 1976இல் படமாகவும் வந்தது. மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன், ஐயர் அப்துல் ஹமீத். முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களம் கலந்த தமிழ், ஐயர் தமிழ். போன கிழமை மைன்ட் யுவர் லாங்குவேஜ் என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரின் பாகங்கள் சிலவற்றைப் பார்த்தபோது எனக்கு ஒரு இடத்தில் மனம் ஒட்டவில்லை. வகுப்பில் எல்லா நாட்டு ஆட்களும் பிழை பிழையாக ஆங்கிலம் பேச, பிழையில்லாமல் பேசும் வாத்தியார் ஒருவர் முன்னால் நிற்கிறார், சிரிப்பு எப்போதும் அவர் நிற்கும் இடத்தில் இருந்துதான் கீழே வருகிறது. கோமாளிகளில் அப்படி ஒரு வாத்தியார் இல்லை. நான்கு பேரும் நான்கு விதம், ஒருவர் கதைக்க மற்ற மூன்று பேரும் கேட்பவர்கள், அடுத்த நிமிடம் அது மாறும். கிண்ணியாவில் ஏறி உப்புவெளியில் இறங்கும் பஸ்ஸில் நாம் தினமும் கேட்கும் குரல்கள்தான் அவை.

அந்தப் படம் எந்தக் கடையிலும் வட்டாகக் கிடைக்கவில்லை. யாரிடமாவது பழைய வீடியோ டெக் நாடாவாகவாவது இருந்தால் சொல்லுங்கள், கொழும்பு என்றாலும் வந்து வாங்கிக்கொள்கிறேன், டிவிடியில் ஏற்றி ஒரு கொப்பியும் சேர்த்துத் திருப்பித் தருவேன். ஓரத்தை நறுக்காமல்.