இண்டியானாபொலிஸில் பேஸ் கார் பார்த்த ஞாயிறு

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் வருடாவருடம் நடக்கும் 500 மைல் கார் பந்தயமான இண்டி 500க்குப் போகிறவர்கள் யார் ஜெயிப்பார்கள் என்று பார்க்கப் போவார்கள். எனக்கு ஆசையெல்லாம் ஜெயிக்கவே வழியில்லாத ஒரு கார் மேல். 33 பந்தயக் கார்களையும் பின்னால் வரிசையாக அழைத்து வந்து, பந்தயத்தைத் தொடங்கச் சொல்லும் பச்சைக் கொடி விழுவதற்குச் சற்று முன் ஒதுங்கிக்கொள்ளும் பேஸ் கார் அது. தேருக்கு முன்னால் போகும் கோயில் யானை மாதிரி.

2025 மே 25, ஞாயிற்றுக்கிழமை. பந்தயத் தடம் இருப்பது ஸ்பீட்வே என்ற சிறு ஊரில். தடத்தைச் சுற்றியுள்ள வீட்டுக்காரர்கள் தங்கள் புல்வெளியையே பார்க்கிங்காக வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு பாட்டி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, காரை எப்படி ஒடிக்க வேண்டும் என்று கைகாட்டி, பணத்தை வாங்கி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டார். சாப்பாட்டை கூலர் பெட்டியில் உள்ளே கொண்டுபோகலாம் என்பதால் புளியோதரைக்கும் தடையில்லை. அன்று மொத்தம் மூன்றரை லட்சம் பேர் என்றார்கள். நடந்து உள்ளே போவதற்குள்ளேயே அதை நம்பிவிட்டேன்.

அந்த வருடத்து பேஸ் கார், செவ்ரோலே கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் காரான கோர்வெட் ZR1-ஐ, காகிதத்தில் பார்த்தால் சிரிப்பு வரும். 5.5 லிட்டர் வி8 இன்ஜின், இரண்டு டர்போ, 1,064 குதிரைத்திறன். பின்னால் வரும் பந்தயக் கார்களுக்கு இவ்வளவு சக்தி கிடையாது! ஆனால் அவற்றின் எடை இதில் ஏறக்குறைய பாதிதான். வளைவில் அவை போகிற வேகத்தில் இதுவும் போக நினைத்தால் சுவர்தான் மிஞ்சும்.

பேஸ் கார் வழக்கம் இங்கே 1911இல், முதல் பந்தயத்திலேயே வந்துவிட்டது. 40 கார்களை நின்ற இடத்திலிருந்து ஒரே நேரத்தில் கிளப்பினால் ஆபத்து என்று, தடத்தை நிறுவியவர்களில் ஒருவரான கார்ல் ஃபிஷர் தானே ஒரு ஸ்டோடார்ட்-டேட்டன் காரை ஓட்டிக்கொண்டு முன்னால் போனார். ஓடிக்கொண்டே தொடங்கினால் வரிசை கலையாது என்பதுதான் கணக்கு.

அன்று தூறல் போட்டு, தொடக்கம் அரை மணி நேரத்துக்கும் மேல் தள்ளிப்போனது. ஒருவழியாக கோர்வெட் கிளம்பியது. ஓட்டியவர் முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் ஸ்ட்ராஹன். தொடக்கத்துக்கு மட்டும் இப்படி ஒரு பிரபலத்தை உட்கார வைப்பார்கள். பந்தயத்தின் நடுவே விபத்து நடந்தால், எல்லோரும் முந்தாமல் பேஸ் கார் பின்னால் மெதுவாக வரச் சொல்லி மஞ்சள் கொடி விழும். அப்போது ஓட்டுவதற்குத் தொழில்முறை ஓட்டுநர் உண்டு. 2016இல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் முன்னாள் பந்தய வீராங்கனை சாரா ஃபிஷர். என்னைக் கேட்டால் தொடக்கத்தையும் அவரைப் போன்றவர்களிடமே விட்டுவிடலாம். தொலைக்காட்சிக்கு நட்சத்திரம் வேண்டும், சரி. அதற்கு பக்கத்து சீட் போதுமே?

இதை நான் சும்மா சொல்லவில்லை. 1971இல் டெட்ராய்ட் கார் கம்பெனிகள் கார் தராததால் உள்ளூர் டாட்ஜ் கார் டீலர்கள் முன்வந்தார்கள். அவர்களில் ஒருவரான எல்டன் பாமர் ஆரஞ்சு நிற டாட்ஜ் சேலஞ்சர் காரை ஓட்டினார். விண்வெளி வீரர் ஜான் க்ளென்னும், தடத்தின் உரிமையாளர் டோனி ஹல்மனும் அதே காரில். பந்தயத்தைத் தொடங்கிவைத்துவிட்டு, கார்கள் டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் ஒதுங்கும் பிட் லேனுக்குள் வேகமாக நுழைந்த கார், நிற்க முடியாமல் புகைப்படக்காரர்கள் நின்றிருந்த மேடையில் போய் மோதியது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் இருபதுக்கும் மேற்பட்டோர் காயம்.

பக்கத்து இருக்கைக்காரர் காதில் ஸ்கேனர் மாட்டிக்கொண்டு ஓட்டுநர்களின் வானொலிப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். பேஸ் காரின் விளக்கை மட்டும் கவனிக்கச் சொன்னார். மின்னிக்கொண்டிருக்கும் விளக்கு அணைந்தால், அடுத்த முறை கோட்டுக்கு வரும்போது பச்சைக் கொடி. அவர் சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. ஸ்காட் மெக்லாஃப்லின் டயரைச் சூடாக்க இடமும் வலமும் நெளித்தவர், பிடி நழுவி உள்பக்கச் சுவரில் மோதிவிட்டார். பந்தயமே தொடங்கவில்லை, அதற்குள் அவருக்கு முடிந்துவிட்டது. குளிர்ந்த தடமும் சூடேறாத டயரும் சேர்ந்தால் இந்த மெதுவான சுற்றுகள்கூட ஆபத்துதான்.

அப்புறம் பச்சை விழுந்த கொஞ்ச நேரத்திலேயே மார்கோ ஆண்ட்ரெட்டி சுவரில் மோத, மஞ்சள் கொடி விழுந்து கோர்வெட் மறுபடி வெளியே வந்தது. எனக்கு உண்மையான வேடிக்கை அதுதான். சிதறி ஓடிய கார்கள் ஒவ்வொன்றாக அதன் பின்னால் வந்து ஒட்டுகின்றன, அரும்பாடுபட்டுச் சேர்த்த இடைவெளியெல்லாம் ஒரே சுற்றில் காணாமல் போகிறது, சிலர் அந்த நேரம் பார்த்து பிட்டுக்குள் நுழைகிறார்கள். முன்னால் போகிறவருக்கு எரிச்சல், பின்னால் இருப்பவருக்குக் கொண்டாட்டம்.

கடைசியில் ஜெயித்தது அலெக்ஸ் பலோ. இண்டி 500இல் அவருக்கு அது முதல் வெற்றி.

போக நினைப்பவர்களுக்கு: முன்பக்க நேர்த்தடத்தில், பிட் லேனுக்கு எதிரே, முடிந்தவரை மேல் வரிசையில் டிக்கெட் எடுங்கள். கீழ் வரிசையில் வேலிக் கம்பியும் கோடாக ஓடும் நிறங்களும்தான் தெரியும். மேலே இருந்தால் பேஸ் கார் உள்ளே திரும்புவதும், அதே நொடியில் மற்றவை சீறிக் கிளம்புவதும் ஒரே பார்வையில் கிடைக்கும். காதடைப்பான் கட்டாயம்.