கத்திரி வெயிலும் ஆற்று ஆலாவும்: பூலாம்பட்டியிலிருந்து பண்ணவாடி வரை

ஆற்று ஆலா என்னும் மீன் தின்னும் பறவை அடைகாப்பதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். வேறெங்கும் இல்லை, நம்ம சேலம் மாவட்டத்தில், நம்ம காவிரியில்! பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

"கத்திரி வெயில்ல யாராச்சும் பறவை பார்க்கப் போவாங்களா? தை மாசம் போ" என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். வலசைப் பறவைகள்தான் வேண்டுமென்றால் அது சரி. நம்ம ஊரிலேயே பிறந்து வளரும் பறவைகள் ஆற்றுத் திட்டில் குடும்பம் நடத்துவதைப் பார்க்க வேண்டுமென்றால் சித்திரையும் வைகாசியும்தான் சமயம். ஆற்றில் தண்ணீர் இறங்க இறங்க மீன்கள் ஒரே இடத்தில் நெருக்கியடிக்கும், மண் திட்டுகள் தலை காட்டும், அந்தத் திட்டுகளில் ஆலாவும் ஆள்காட்டியும் முட்டை வைக்கும். குளிர்காலத்தில் எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் இது கிடைக்காது.

சேலத்திலிருந்து எடப்பாடி வழியாகப் பூலாம்பட்டி, படகில் அக்கரை நெரிஞ்சிப்பேட்டை, அங்கிருந்து மேட்டூர், மறுநாள் கொளத்தூர் வழியாகப் பண்ணவாடி. இதுதான் திட்டம். துணைக்கு, சேலத்தில் கல்லூரியில் படிக்கும் சித்தி மகன். மேட்டூரில் சித்தி வீட்டிலேயே தங்கல் என்பதால் அறை வாடகை மிச்சம். ஆளுக்கு ஆயிரம் ரூபாய், அதற்கு மேல் கையை விடக்கூடாது என்று பேசிக்கொண்டோம். எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் பஸ். சனிக்கிழமை காலையில் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் எடப்பாடி பஸ் ஏறாதீர்கள். அன்றைக்குக் கொங்கணாபுரம் சந்தை. ஆடு வாங்க, சேவல் விற்க என்று சுற்றுவட்டாரமே அங்கேதான் கூடும். எங்களுக்கு வாய்த்தது ஒரு தனியார் பஸ். நிற்கவே இடமில்லாத வண்டியில் நடத்துனர் "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல காலியாத்தான கெடக்குது" என்று கத்திக்கொண்டே இருந்தார். என் தலைக்கு நேர் மேலே பாட்டுப் பெட்டி. பக்கத்தில் நின்ற பெரியவரின் மஞ்சள் பையிலிருந்து ஒரு சேவல் தலையை மட்டும் நீட்டி, என் பைனாகுலர் உறையை வழி நெடுகக் கொத்திக்கொண்டு வந்தது. சேவல் மீது எனக்குக் கோபமில்லை. கொங்கணாபுரத்தில் ஆள் சேர்ப்பதற்காக அரை மணி நேரத்துக்கு மேல் வண்டியை அப்படியே போட்டுவைத்தார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பறவை பார்க்கிறவர்களுக்கு விடிந்ததிலிருந்து எட்டரை மணி வரை உள்ள நேரம்தான் நேரம். அதை டிக்கெட் காசு கொடுத்து நடுரோட்டில் தொலைத்தோம். எடப்பாடியில் இறங்கும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது.

எடப்பாடியிலிருந்து பூலாம்பட்டிக்கு அரசு டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. எனக்குக் கட்டணமில்லை, தம்பி மட்டும் டிக்கெட் எடுத்தான். 2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பறவை பார்க்கும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று யாரும் பேசுவதில்லை. ஏரி ஏரியாகச் சுற்ற எல்லாரிடமும் காரா இருக்கிறது?

பூலாம்பட்டியைக் 'குட்டிக் கேரளா' என்று வீடியோ போடுகிறவர்கள் தென்னையையும் படகையும் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்தக் கோடையிலும் இங்கே ஆறு கரை தொட்டு நிற்பதற்குக் காரணம் நெரிஞ்சிப்பேட்டை கதவணை. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று மின்சாரம் எடுக்கக் காவிரியை வரிசையாக மறித்துத் தேக்கியிருக்கிறார்கள். அதனால் ஆழத் தண்ணீர் தேடும் பறவைகளுக்கு இங்கே கோடையே கிடையாது. மண்ணும் சேறும் தேடும் பறவைகளுக்கு மேட்டூருக்கு மேலே, வற்றிய நீர்த்தேக்கம். ஒரே ஆற்றில் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பதற்காகத்தான் இந்தப் பாதையைப் பிடித்தோம்.

படித்துறையில் நின்றதுமே கொண்டை நீர்க்காகங்களும் சிறு நீர்க்காகங்களும் கண்ணில் பட்டன. கரையோர மரத்தில் பாம்புத்தாரா ஒன்று இறக்கையை விரித்துக் காயப்போட்டிருந்தது. வாத்து மாதிரி அதன் இறகு தண்ணீரை உதறித் தள்ளாது, நனையும். நனைவதால்தான் ஆழத்தில் முங்கி, ஈட்டி மாதிரியான அலகால் மீனைக் குத்தி எடுக்க முடிகிறது. நடு ஆற்றில் கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்தன. நத்தை குத்தி நாரைகள் மட்டும் அக்கரைச் சேற்றோரம் எட்ட எட்ட நின்றன.

எங்களை அசைய விடாமல் நிறுத்தியது கரும்புள்ளி மீன்கொத்தி. கறுப்பு வெள்ளைப் பறவை. தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் நின்றபடி இறக்கையை அடித்துக்கொண்டு, அலகை நேர் கீழே தொங்கவிட்டுப் பார்க்கிறது. உடம்பு நடுங்குகிறது, தலை மட்டும் அசையவே இல்லை. சட்டென்று இரண்டடி கீழே இறங்கி மறுபடியும் நிற்கிறது. மறுபடியும் இறக்கம். பிறகு கல் விழுந்த மாதிரி ஒரே பாய்ச்சல். வெளியே வரும்போது வாயில் விரல் நீள மீன். படகின் விளிம்பில் அதை இரண்டு பக்கமும் அடித்துச் சாகடித்து, தலைப் பக்கமாகத் திருப்பி விழுங்கியது. எங்களுக்கும் அதற்கும் பத்தடிகூட இருக்காது.

"மீன் எங்க மேயுதுன்னு அதுக்குத்தான் அம்மிணி மொதல்ல தெரியும். அது சுத்தற எடத்தப் பாத்துத்தான் நாங்க வலை விடறது" என்றார் படகுக்கார அண்ணன். பறவை பார்க்க வந்திருக்கிறோம் என்று சொன்னதும், அக்கரைக்கு விடும்போது படகை நாணல் ஓரமாகவே ஓட்டினார். தாழைக்கோழியும் அதன் கறுத்த குஞ்சுகளும் கோரைக்குள் ஓடி ஒளிந்தன. தண்ணீர்ப் பாம்பு ஒன்று தலையை நீட்டி எட்டிப்பார்த்துவிட்டு முங்கியது. இதற்கென்று தனியாகக் காசு கேட்கவில்லை. நாங்களாகக் கொடுத்ததையும் "சும்மா வெய்யிங்க" என்று தள்ளிவிட்டார்.

படகு ஏறுவதற்கு முன்னால் சாப்பிட்டோம், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். படித்துறைக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்ட ஒரு மீன் கடை. காலையில் பிடித்த ஜிலேபி மீனைச் செதில் நீக்கி, இரண்டு பக்கமும் ஆழமாகக் கீறி, மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டும் அப்பி ஊறவைத்திருந்தார்கள். பெரிய இரும்புக் கல்லில் கடலெண்ணெய் ஊற்றி, கருவேப்பிலையை உருவிப் போட்டு, அது பொரிந்து அடங்குவதற்குள் மீனைக் கிடத்துகிறார் அந்த அக்கா. முள் வரைக்கும் உப்பும் காரமும் இறங்கியிருந்தது. கூடவே கெளுத்திக் குழம்பும் சோறும். குழம்பில் புளி தூக்கலாக இருந்தது, அப்படித்தான் இருக்க வேண்டும். "இன்னொரு மீனு போட்டுக்க கண்ணு, வத்தலா இருக்கறயே" என்று தம்பி இலையில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு பேருக்கும் சேர்த்து முந்நூற்று இருபது ரூபாய். சேலத்தில் குளிரூட்டிய கடையில் ஐஸ் மீனுக்கு இதைப் போல இரண்டு பங்கு கொடுக்கிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

நெரிஞ்சிப்பேட்டையில் ஏறி, பவானி மேட்டூர் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம். இரவு சித்தி கையால் ராகிக் களி.

மறுநாள் விடிவதற்கு முன்பே கிளம்பிக் கொளத்தூர். அங்கிருந்து பண்ணவாடிக்கு அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகும் என்றதால் ஆட்டோ பேசினோம். நூற்றைம்பது என்று ஏற்றிக்கொண்டவர் இறக்கிவிடும்போது நானூறு கேட்டார். ஏன் என்றால், "திரும்பக் காலியாத்தானுங்க்கா போவணும்". அது ஏறும்போது அவருக்குத் தெரியாதா? தம்பி சண்டைக்கே போய்விட்டான். வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது, பறவைகள் எங்களுக்காகக் காத்திருக்கப் போவதில்லை, முந்நூறைக் கொடுத்துத் தொலைத்தோம். மீன் சாப்பாட்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஆட்டோவில் போனது. வெளியூர்க்காரர்கள் என்று தெரிந்ததும் விலையை ஏற்றுவது கொள்ளை. நீங்கள் போனால் போக, வர, காத்திருக்க என்று மூன்றையும் முதலிலேயே கறாராகப் பேசுங்கள்.

பண்ணவாடியில் இறங்கி நின்றால் ஆற்றின் தரையே கண் எட்டும் தூரம் வெடித்துக் கிடக்கிறது. மேட்டூர் அணையை 1925-இல் கட்டத் தொடங்கி 1934-இல் முடித்தார்கள். முழு நீர்மட்டம் 120 அடி. அணை நிரம்பியதும் இங்கிருந்த ஊர்கள் முழுகிப் போயின. தண்ணீர் இறங்கும் வருடங்களில் முதலில் கிறிஸ்தவக் கோயிலின் கோபுரம் வெளியே வரும், இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. இப்போது இரண்டுமே வெளியே நிற்கின்றன. நந்தியைச் சுற்றி நிலக்கடலையும் எள்ளும் விதைத்திருக்கிறார்கள். தண்ணீர் விட்டுப்போன வண்டல் மண், உரமே வேண்டாம் என்கிறார்கள்.

அந்த வெடிப்புத் தரையில்தான் சிவப்பு மூக்கு ஆள்காட்டி ஒன்று எங்களைப் பார்த்துக் கத்தத் தொடங்கியது. உடனே பின்வாங்கி, தூரத்தில் ஒரு சீமைக் கருவேல நிழலில் உட்கார்ந்துவிட்டோம். கொஞ்ச நேரத்தில் அது அடங்கி, நடந்து போய்த் தண்ணீரில் இறங்கியது. குடிக்கத்தான் போகிறது என்று நினைத்தால், மார்பையும் வயிற்றையும் தண்ணீரில் அழுத்தி அழுத்தி நனைத்தது. அப்படியே சொட்டச் சொட்ட நடந்து வந்து ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது. முட்டைகளைக் குளிர வைக்கிறது! இந்த வெயிலில் அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது இல்லை, சூடு தணிப்பது. எழுந்து நகர்ந்தபோது பைனாகுலரில் தெரிந்தது: நான்கு முட்டைகள், கூர் முனைகள் உள்பக்கம் பார்க்க, மண் நிறத்தில் கரும்புள்ளி. கண்ணை எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆலாவைப் பார்த்தது அக்கரை நாகமரைக்குப் போகும் படகிலிருந்து. மஞ்சள் அலகு, கறுத்த உச்சந்தலை, சிவந்த கால், ஆழமாகப் பிளந்த வால். ஒரு திட்டின் மேட்டில் சில ஜோடிகள். ஒன்று வெயிலுக்கு முதுகைக் காட்டி, தன் நிழல் முட்டை மேல் விழும்படி நின்றுகொண்டே இருந்தது. துணை மீனோடு வந்து இறங்கியதும் இடம் மாற்றிக்கொண்டன. ஆற்று ஆலா, ஐ.யூ.சி.என். என்னும் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் அழிவை நோக்கிப் போகக்கூடிய இனங்களில் இருக்கிறது. இதைப் பார்க்க நம் ஆட்கள் கர்நாடகத்தின் பத்ரா அணைக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் என்று செலவழித்துப் போகிறார்கள். திட்டு எந்தப் பக்கம் என்று மட்டும் இங்கே எழுத மாட்டேன், கேட்காதீர்கள்.

ஏன் எழுத மாட்டேன் என்றால், நாங்கள் கரைக்குத் திரும்பியபோது ஒரு கார் நேராக நீர்த்தேக்கத் தரையில் இறங்கி, நந்தியைச் சுற்றி வட்டம் அடித்துக்கொண்டிருந்தது. பாட்டு, கூச்சல், ஜன்னலில் தொங்கிக்கொண்டு வீடியோ. ஆள்காட்டி தலைக்கு மேல் பறந்து பறந்து கத்துகிறது, அவர்கள் அதையும் படம் பிடிக்கிறார்கள். தம்பி ஓடிப்போய்க் கை காட்டி நிறுத்தினான். "ரோடா இது, முட்டை இருக்குதுங்கண்ணா" என்றதற்கு, "பறவைதான, வேற எடத்துல வெச்சுக்கும்" என்று பதில் வந்தது. மறுபடி வைத்தாலும் பொரித்து வளர்க்க நேரமிருக்காது. கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் ஆனி, ஆடியில் இங்கே தண்ணீர் ஏறிவிடும். முட்டை பொரிய ஆலாவுக்கு ஏறக்குறைய மூன்று வாரம், ஆள்காட்டிக்கு நான்கு வாரம், குஞ்சு பறக்க அதற்கும் மேல். அவற்றுக்குக் கிடைப்பது இந்தக் கொஞ்ச நாள்தான். நந்தியைப் பார்க்க ஆசையா, வண்டியைக் கரையில் விட்டுவிட்டு நடந்து போங்கள். பயிர்க்காரர்கள் போட்டிருக்கும் தடத்தை விட்டு விலகாதீர்கள். நாய் கூட்டி வராதீர்கள். ஆள்காட்டி கத்தினால் வந்த வழியே திரும்புங்கள்.

நீர்நாய் பார்க்கும் ஆசை இந்த முறை நிறைவேறவில்லை. மேலே ஒகேனக்கல் பக்கம் பார்க்கலாம் என்றார் ஒரு மீனவர். 2022-இல் அறிவித்த காவிரி தெற்கு வன உயிரின சரணாலயம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர். நீர்நாய், சாம்பல் நிற மலை அணில் எல்லாம் அங்கே உண்டு. பண்ணவாடியில் குளிக்க இறங்க வேண்டாம், முதலை உண்டு என்றும் அதே மீனவர் எச்சரித்தார்.

செலவுக் கணக்கு: ஆட்டோ கொள்ளையையும் சேர்த்து ஆளுக்கு எழுநூற்றுச் சொச்சம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, தட்டுவடை கட்டாயம். பண்ணவாடியில் பத்து மணிக்கு மேல் நிழலே கிடையாது, கரையில் விற்கும் கம்பங்கூழும் மோர்மிளகாயும்தான் கதி, அது அருமையாகவும் இருந்தது. பூலாம்பட்டிக்கு ஞாயிறு வேண்டாம், கூட்டம். சனிக்கிழமை ஏன் வேண்டாம் என்று மேலேயே சொல்லிவிட்டேன். வார நாளில் எடப்பாடிக்கு முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். போவதானால் மழை பிடிப்பதற்குள் போய்விடுங்கள்.